சாக்கே: அரிசி தீட்டுவதிலிருந்து கிண்ணத்தில் ஊற்றுவது வரை ஒரு முழுமையான வழிகாட்டி

சாக்கே என்பது அரிசியைப் புளிக்கவைத்துச் செய்யும் ஜப்பானிய மது. ஜப்பானில் சாக்கே கடைக்குள் முதன்முறை நுழைபவர்கள் லேபிளிலிருந்துதான் தொடங்குகிறார்கள். தெரியாத பெயர்கள், விழுக்காடுகள், கூட்டல் கழித்தல் குறிகள் எல்லாவற்றையும் மனப்பாடம் செய்யப் பார்த்து, கடைசியில் விலை கூடிய புட்டியை வாங்கி, பனிக்கட்டிபோல் குளிர வைத்துக் குடித்துவிட்டு, "இதில் என்ன இருக்கிறது?" என்று கேட்கிறார்கள். நானும் ஒரு சாக்கே ஆலையில் குளிர்கால வேலைக்கு உதவியாகப் போன பிறகுதான் லேபிளைப் படிக்கக் கற்றேன். ஆலையைப் பார்க்க வந்த நண்பர்கள் பலருக்கு விளக்கியதில் ஒன்று தெளிவானது. லேபிளில் இருக்கும் ஒவ்வொரு சொல்லும் ஆலையில் செய்த ஒரு வேலையை, அல்லது வேண்டுமென்றே செய்யாமல் விட்ட ஒரு வேலையைக் குறிக்கிறது. ஆகவே முதலில் செய்முறை, அடுத்து லேபிள், கடைசியாகப் பரிமாறும் சூடு. இந்த வரிசையை மாற்றாதீர்கள்.

## 1. தொடங்கும் முன்

வீட்டிலேயே சாக்கே தயாரிப்பதற்கான குறிப்பு அல்ல இது. ஜப்பானில் 1 விழுக்காடோ அதற்கு மேலோ ஆல்கஹால் உள்ள எதையும் உரிமம் இல்லாமல் தயாரிப்பது குற்றம். சாக்கே உரிமம் பெற ஆண்டுக்குக் குறைந்தது 60 கிலோலிட்டர் உற்பத்தி காட்ட வேண்டும். தமிழ்நாட்டிலும் வீட்டில் மது காய்ச்சச் சட்டம் இடம் தருவதில்லை.

கையில் இருக்க வேண்டியவை: சமையலறைத் தெர்மாமீட்டர் ஒன்று, டொக்குரி எனும் பீங்கான் குடுவை ஒன்று, சிறு கிண்ணங்கள் சில, குளிர்பெட்டியில் புட்டி நிமிர்ந்து நிற்க இடம். தெர்மாமீட்டரை மட்டும் தவிர்க்காதீர்கள். சாக்கேயில் ஐந்து டிகிரி வித்தியாசத்தை நாக்கு கண்டுபிடித்துவிடும், ஆனால் எத்தனை டிகிரி என்று கைக்குச் சொல்லத் தெரியாது.

ஆலையைப் பார்க்கப் போகிறீர்கள் என்றால் அன்று காலை நாட்டோ எனும் புளிக்கவைத்த சோயா சாப்பிடக் கூடாது. அதிலுள்ள பாக்டீரியா, கோஜி எனும் பூஞ்சை படர்ந்த அரிசியை வளர்க்கும் அறைக்குள் புகுந்தால் கோஜி பிசுபிசுத்துக் கெட்டுவிடும். வாசனைத் தைலமும் வேண்டாம்.

## 2. அரிசியும் தண்ணீரும்

சாக்கேவுக்கு வேண்டியவை அரிசி, தண்ணீர், கோஜிப் பூஞ்சை, ஈஸ்ட். இவ்வளவுதான். அதனால் அரிசியில் ஏற்படும் சிறு மாற்றமும் கிண்ணத்தில் தெரியும்.

சாக்கே அரிசி உண்ணும் அரிசியைவிடப் பெரியது. நடுவில் ஷின்பாக்கு எனும் வெண்மையான பகுதி இருக்கும். மாவுச்சத்து அங்கே நெருக்கமில்லாமல் அமைந்திருப்பதால் பூஞ்சையின் வேர் எளிதாக உள்ளே இறங்கும். ஹியோகோ மாகாணத்தின் யமாதா நிஷிகி, நிகாட்டாவின் கொஹ்யகுமன்கொகு, ஒகயாமாவின் ஒமாச்சி ஆகிய பெயர்களை அடிக்கடி பார்ப்பீர்கள்.

அரிசியின் வெளிப்பகுதியில் புரதமும் கொழுப்பும் கூடுதல். புரதம் மிகுந்தால் சுவை கனத்துவிடும், கொழுப்பு மிகுந்தால் பழ வாசனை எழாது. எனவே வெளிப்பகுதியைத் தீட்டி எடுக்கிறார்கள். அரிசியை 50 விழுக்காட்டுக்கு இறக்க ஒரு நாளுக்கும் மேல் எந்திரம் ஓட வேண்டும். அவசரப்பட்டால் சூட்டில் அரிசி உடையும். தீட்டியதும் உடனே ஊறவைப்பதும் இல்லை. உராய்வில் ஈரம் போயிருப்பதால் தண்ணீர் பட்டவுடன் விரிசல் விடும். சில வாரங்கள் அப்படியே ஆறவிடுவார்கள். கழிந்த தவிட்டையும் மாவையும் எறிவதில்லை, தீவனத்துக்கும் அரிசி பிஸ்கட்டுக்கும் போகும்.

அடிக்கடி நேரும் பிழை: லேபிளில் "தீட்டல் விகிதம் 60%" என்றால் 60 விழுக்காட்டைத் தீட்டி நீக்கிவிட்டார்கள் என்று படிப்பது. மிஞ்சியிருப்பதுதான் 60. எண் குறையக் குறையத் தீட்டல் அதிகம்.

தண்ணீரில் முதல் எதிரி இரும்பு. அது சாக்கேயை நிறம் மாற்றிச் சுவையைக் கெடுக்கும் என்பதால் லிட்டருக்கு 0.02 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது என்பது சாக்கே தயாரிக்கும் நீருக்கான அளவுகோல். பொட்டாசியமும் பாஸ்பேட்டும் ஈஸ்டுக்கு உணவு. கோபேவை ஒட்டிய நாதா பகுதி ஆலைகள் பயன்படுத்தும் மியாமிசு ஊற்றுநீரில் இவை நிறைந்திருப்பதால் நொதிப்பு வேகமாகி, இனிப்புக் குறைந்த, உறுதியான சாக்கே கிடைக்கிறது. கியோட்டோவின் ஃபுஷிமி நீர் அதைவிட மென்மையானது, அங்கே தயாராகும் சாக்கேயும் மென்மையாக இருக்கும்.

## 3. கழுவு, ஊறவை, அவி

இங்கே அரிசி உலையில் கொதிப்பதே இல்லை. புட்டு அவிப்பதுபோல் ஆவியில் மட்டுமே வேகிறது. வெளியே கெட்டியாக, உள்ளே மெத்தென்று இருக்க வேண்டும். வெளிப்புறம் குழைந்தால் பருக்கைகள் ஒட்டிக்கொள்ளும், பூஞ்சை மேலேயே படர்ந்து நின்றுவிடும்.

இதற்கு ஊறும் நேரம்தான் சாவி. அரிசி தன் எடையில் சுமார் 30 விழுக்காடு தண்ணீரை உறிஞ்ச வேண்டும். நன்றாகத் தீட்டிய அரிசி சில நிமிடங்களிலேயே அந்த அளவைத் தொட்டுவிடும். அதனால்தான் கையில் நிறுத்தற்கடிகாரத்தோடு நிற்கிறார்கள். அரை நிமிடம் பிந்தினால் அடுத்த ஒரு மாத வேலையிலும் அதன் விளைவு தொடரும். பிறகு ஏறக்குறைய ஒரு மணி நேரம் ஆவி.

## 4. கோஜி

ஆலையில் எதைப் பார்க்காமல் விட்டாலும் பரவாயில்லை, கோஜியைப் புரிந்துகொள்ளாமல் வெளியே வராதீர்கள். அரிசியில் சர்க்கரை இல்லை, மாவுச்சத்துதான் உண்டு. ஈஸ்டால் மாவுச்சத்தைத் தின்ன முடியாது. அதைச் சர்க்கரையாக்கும் நொதிகளைத் தருவது ஆஸ்பர்ஜில்லஸ் ஒரைசே எனும் பூஞ்சை. அது படர்ந்த அரிசிதான் கோஜி.

அவித்த அரிசியை 35 டிகிரி அளவுக்கு ஆற்றி, 30 டிகிரிக்குக் குறையாத மர அறைக்குள் கொண்டுபோய்ப் பரப்பி, பூஞ்சை வித்துத் தூளை மேலே சன்னமாகத் தூவுகிறார்கள். பிறகு ஏறத்தாழ இரண்டு நாள் உழைப்பு. முதல் இரவு குவித்துத் துணி போர்த்தி வைப்பார்கள், வித்து முளைக்கச் சூடும் ஈரமும் வேண்டும். பூஞ்சை வளரத் தொடங்கியதும் அதுவே சூட்டை வெளியிடும். அப்போது வேலை தலைகீழாகிறது. கட்டிகளை உடைத்து, சிறு பெட்டிகளில் பிரித்துப் போட்டு, புரட்டி, பள்ளம் கீறி, சூட்டையும் ஈரத்தையும் வெளியேற்ற வேண்டும். நடுநிசியிலும் ஒருவர் எழுந்துபோய்ப் பார்ப்பார்.

கடைசிக் கட்டத்தில் கோஜியை 40 டிகிரிக்குச் சற்று மேல் ஏற்றுவதற்குக் காரணம் உண்டு. முப்பதுகளின் நடுவில் புரதத்தை உடைக்கும் நொதிகள் பெருகும், நாற்பதை நெருங்கும்போது மாவுச்சத்தை உடைக்கும் நொதிகள் பெருகும். எந்தச் சூட்டில் எவ்வளவு நேரம் நிறுத்துகிறார்களோ அதைப் பொறுத்தே சாக்கேயின் கனமும் இனிப்பும் அமையும்.

பருக்கை முழுக்க வெள்ளையாகப் படர்ந்தால் வலிமையான கோஜி, நிறைவான சாக்கேவுக்கு ஏற்றது. ஆங்காங்கே புள்ளியாகப் படர்ந்து வேர் மட்டும் ஆழமாக இறங்கினால் கின்ஜோ வகைக்கு, அதாவது அதிகம் தீட்டிய அரிசியில் செய்யும் பழ வாசனைச் சாக்கேவுக்கு ஏற்றது. ஒரு பருக்கையை வாயில் போட்டுப் பார்க்க அனுமதித்தால் மறுக்காதீர்கள். இனிக்கும், வேகவைத்த செஸ்ட்நட்டின் வாசனை வரும். மொத்த அரிசியில் ஐந்தில் ஒரு பங்குதான் கோஜியாகிறது. மிச்சம் வெறுமனே அவித்து, ஆற்றிச் சேர்ப்பது.

## 5. தாய்க்கலவை

பெரிய தொட்டிக்குப் போகும் முன் சிறு தொட்டியில் ஈஸ்டை மட்டும் பெருக்க வேண்டும். இந்தத் தாய்க்கலவைக்கு ஷுபோ என்று பெயர். கோஜி, அவித்த அரிசி, தண்ணீர், ஈஸ்ட் ஆகியவற்றோடு லாக்டிக் அமிலமும் இங்கே தேவை. புளிப்பு இருந்தால் வேண்டாத கிருமிகள் மடியும், சாக்கே ஈஸ்ட் தாங்கிக்கொள்ளும்.

அமிலத்தை நேராக ஊற்றினால் இரண்டு வாரத்தில் தயார். இன்று பெரும்பாலான ஆலைகளில் இந்த முறைதான். காற்றிலும் ஆலையிலும் உள்ள பாக்டீரியாவே புளிப்பை உண்டாக்கட்டும் என்று காத்திருந்தால் ஒரு மாதம் ஆகும். அதில் கோலால் அரிசியை மசித்துச் செய்வது கிமோதோ, மசிப்பதை விட்டுவிட்டுச் செய்வது யமஹாய். இந்த இரண்டிலும் முதலில் தலைகாட்டும் லாக்டிக் பாக்டீரியாக்களில் ஒன்று லியூகோநோஸ்டாக் மெசன்டராய்ட்ஸ். நம் இட்லி மாவைப் பொங்கவைப்பதும் அதே இனம்தான். இது தெரிந்த நாளிலிருந்து கிமோதோ மேல் எனக்குத் தனிப் பிரியம்.

லேபிளில் கிமோதோ அல்லது யமஹாய் என்று கண்டால் புளிப்பும் ஆழமும் எதிர்பாருங்கள். சூடுபடுத்தத் தோதான வகை இது.

## 6. மொரோமி: மூன்று தவணை, நான்கு நாள்

தாய்க்கலவையைப் பெரிய தொட்டிக்கு மாற்றி அரிசியும் கோஜியும் தண்ணீரும் சேர்ப்பார்கள். இந்தப் பெரிய கலவைதான் மொரோமி. எல்லாவற்றையும் ஒரே நாளில் கொட்டினால் ஈஸ்டும் புளிப்பும் நீர்த்துப்போய்க் கிருமிகளுக்கு வழி திறந்துவிடும். எனவே முதல் நாள் ஒரு தவணை. இரண்டாம் நாள் எதையும் சேர்க்காமல் ஈஸ்ட் பெருக விடுவது. மூன்றாம் நாள் முதல் தவணையைவிடக் கூடுதல், நான்காம் நாள் அதைவிடவும் கூடுதல். ஒவ்வொரு தவணைக்கும் சூட்டைக் குறைத்துக்கொண்டே வருவார்கள்.

இதற்குப் பிறகு நடப்பதுதான் சாக்கேயின் தனித்தன்மை. பீரில் முதலில் மாவுச்சத்து முழுவதும் சர்க்கரையாகும், பிறகுதான் ஈஸ்ட் சேரும். மொரோமியில் கோஜி சர்க்கரையை ஆக்க ஆக்க ஈஸ்ட் அதே தொட்டியில் ஆல்கஹாலாக மாற்றிக்கொண்டே போகிறது. சர்க்கரை எந்த நேரத்திலும் அளவு மீறித் தேங்காததால் ஈஸ்ட் திணறுவதில்லை. காய்ச்சி வடிக்காமலே 17 முதல் 20 விழுக்காடு ஆல்கஹால் வருவது இதனால்தான்.

மூன்றிலிருந்து ஐந்து வாரம் இப்படி ஓடும். சாதாரண வகை 15 டிகிரியை ஒட்டி, கின்ஜோ வகை 10 டிகிரியை ஒட்டி. குளிரில் ஈஸ்ட் மெதுவாக, வருத்தப்பட்டு உழைக்கும்போதுதான் வாழைப்பழம், ஆப்பிள் வாசனை தரும் எஸ்டர்கள் திரவத்தில் தங்கும். சூடு ஏறினால் நொதிப்பு ஓட்டமெடுக்கும், வாசனை காற்றோடு போய்விடும்.

தொட்டியின் விளிம்பில் குனிந்து மூக்கை நீட்டி முகரப் பார்க்காதீர்கள். மேலே தேங்கி நிற்பது கார்பன் டை ஆக்சைடு. மயங்கி உள்ளே விழுந்து உயிர் போன சம்பவங்கள் உண்டு. ஆலைக்காரர் கரண்டியில் எடுத்துக் கொடுத்தால் அதை முகருங்கள்.

## 7. பிழிவதும் புட்டியில் அடைப்பதும்

லேபிளில் குழப்பும் சொற்களில் பாதி இந்தக் கட்டத்தில் பிறக்கின்றன.

பிழிதல். மொரோமியைத் துணியில் வடித்துச் சக்கையைப் பிரிப்பது. பெரும்பாலும் எந்திரம். போட்டிக்கு அனுப்பும் சாக்கேயைப் பையில் கட்டித் தொங்கவிட்டுச் சொட்டுவதை மட்டும் எடுப்பார்கள். துணியில் சற்றே வடிகட்டி மங்கலாக விட்டால் அது நிகோரி.

ஆல்கஹால் சேர்ப்பது. சில வகைகளில் பிழிவதற்குச் சற்று முன், காய்ச்சி வடித்த ஆல்கஹால் கொஞ்சம் சேர்ப்பார்கள். வாசனைப் பொருட்கள் ஆல்கஹாலில் நன்றாகக் கரையும். சேர்க்காவிட்டால் சக்கையோடு போயிருக்கும் வாசனை திரவத்துக்கு வந்துவிடும், சுவையும் இலேசாகும்.

வடிகட்டல். கரித்தூள் நிறத்தையும் கரடுமுரடான சுவையையும் நீக்கும். அதைச் செய்யாவிட்டால் முரோகா.

சூடாக்கல். 60 முதல் 65 டிகிரி வரை சூடாக்கி, மிஞ்சிய நொதிகளை நிறுத்தி, சாக்கேயைக் கெடுக்கும் லாக்டிக் பாக்டீரியாவைக் கொல்வார்கள். வழக்கமாகச் சேமிக்கும் முன் ஒருமுறை, புட்டியில் அடைக்கும்போது ஒருமுறை. இரண்டையும் விட்டால் நாமாசாக்கே. முதல் முறையை மட்டும் விட்டால் நாமா சோசோ. இரண்டாவதை மட்டும் விட்டால் நாமா சுமே. கோடை முழுதும் ஆறி இலையுதிர்காலத்தில் வரும் ஹியாஓரோஷி பெரும்பாலும் இந்தக் கடைசி வகை.

நீர் சேர்ப்பது. ஆல்கஹாலை 15, 16 விழுக்காட்டுக்கு இறக்க. சேர்க்காவிட்டால் கென்ஷு.

இப்போது "முரோகா நாமா கென்ஷு" என்ற நீண்ட பெயரைப் படித்துப் பாருங்கள். கரியில் வடிகட்டவில்லை, சூடாக்கவில்லை, நீர் சேர்க்கவில்லை. மூன்று வேலைகளை விட்டிருக்கிறார்கள், அவ்வளவுதான்.

## 8. லேபிளைப் படிக்கும் வரிசை

முதல் கேள்வி: ஆல்கஹால் சேர்த்ததா, சேர்க்காததா? ஜுன்மாய் என்ற சொல் இருந்தால் சேர்க்கவில்லை.

இரண்டாம் கேள்வி: எவ்வளவு தீட்டியது? 60 விழுக்காடோ அதற்குக் கீழோ இருந்தால் கின்ஜோ, 50 அல்லது அதற்குக் கீழ் என்றால் டைகின்ஜோ. எண் மட்டும் போதாது, குளிரில் மெதுவாக வளர்த்த கின்ஜோ முறையும் வேண்டும். 70-க்குள் தீட்டி ஆல்கஹால் சேர்த்தது ஹொன்ஜோசோ. வெறும் ஜுன்மாய்க்குத் தீட்டல் உச்சவரம்பு 2004 முதல் இல்லை. தொகுபெட்சு என்ற சொல் முன்னால் வந்தால் 60-க்குள் தீட்டியது அல்லது தனி முறையில் செய்தது.

இந்த இரண்டு கேள்விகளும் சேர்ந்து எட்டுப் பெயர்களைத் தருகின்றன: ஜுன்மாய், தொகுபெட்சு ஜுன்மாய், ஜுன்மாய் கின்ஜோ, ஜுன்மாய் டைகின்ஜோ ஒரு பக்கம். ஹொன்ஜோசோ, தொகுபெட்சு ஹொன்ஜோசோ, கின்ஜோ, டைகின்ஜோ மறுபக்கம். எட்டுக்கும் பொதுவாக, கோஜி குறைந்தது 15 விழுக்காடு இருக்க வேண்டும், சேர்க்கும் ஆல்கஹால் அரிசி எடையில் 10 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது. இந்த வரம்புக்குள் வராதது ஃபுட்சூஷு, அன்றாடச் சாக்கே.

மூன்றாம் கேள்வி: நாமாவா? இதற்கு விடை தெரியாமல் புட்டியை வீட்டுக்கு எடுத்துப் போகக் கூடாது. காரணம் அடுத்த பகுதியில்.

கூட்டல் கழித்தல் குறியோடு வரும் நிஹோன்ஷு-தோ எனும் எண் அடர்த்தியைக் காட்டுவது. சர்க்கரை மிகுந்தால் கழித்தல் பக்கம், குறைந்தால் கூட்டல் பக்கம். இதை மட்டும் நம்பாதீர்கள். பக்கத்தில் புளிப்பு அளவும் இருந்தால் சேர்த்தே பாருங்கள். ஒரே +3 உள்ள இரண்டு சாக்கேயில் புளிப்புக் கூடியது இனிப்பே இல்லாததுபோல் தோன்றும்.

பெரிய பிழை இரண்டு. ஒன்று, ஆல்கஹால் சேர்த்தது என்றாலே மட்டம் என்று ஒதுக்குவது. ஜப்பானின் புதுச் சாக்கே தேசியப் போட்டியில் நெடுங்காலம் ஆல்கஹால் சேர்த்த டைகின்ஜோவே பெருமளவில் பரிசு பெற்றது. இரண்டு, டைகின்ஜோ உயர்ந்தது, ஜுன்மாய் தாழ்ந்தது என்று ஏணி கட்டுவது. தீட்டத் தீட்டச் செலவு கூடும், அரிசிச் சுவை குறையும், வாசனை எழும். முதல் புட்டியாக நான் எப்போதும் 65, 70 விழுக்காட்டு ஜுன்மாயைத்தான் சொல்வேன். அதை ஒரே இரவில் பல சூட்டில் சுவைக்க முடியும், அரிசி எங்கே இருக்கிறது என்றும் தெரியும்.

## 9. வீட்டில் வைப்பது

வெளிச்சம், சூடு, காற்று என்ற வரிசையில் பயப்படுங்கள். வெயில்பட்ட புட்டி விரைவிலேயே பழுப்பேறித் துர்நாற்றம் அடிக்கும், நிறமற்ற புட்டி இன்னும் சீக்கிரம். செய்தித்தாளில் சுற்றி இருட்டில் வையுங்கள். படுக்கவைக்காமல் நிமிர்த்தி வைத்தால் திரவம் காற்றோடு உரசும் பரப்பு குறையும்.

நாமா என்றால் குளிர்பெட்டி கட்டாயம், 5 டிகிரியை ஒட்டி. உள்ளே நொதிகள் உயிரோடு இருப்பதால் அலமாரியில் விட்டால் சுவை மாறிவிடும். நண்பர்களுக்குப் பரிசாக நாமா வாங்கிப் பெட்டியில் அடைத்து நீண்ட பயணம் போகிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். பயணத்துக்கு இருமுறை சூடாக்கியதையே வாங்குங்கள். திறந்த பிறகு கின்ஜோ வகையை ஒரு வாரத்துக்குள், ஜுன்மாயை இரண்டு மூன்று வாரத்துக்குள் முடிப்பது நல்லது.

## 10. குளிரும் சூடும்

ஜப்பானியர் ஐந்து டிகிரிக்கு ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள். உங்களுக்கு நான்கு போதும்: 10-இல் ஹானாபியே, 40-இல் நுருகான், 45-இல் ஜோகான், 50-இல் அட்சுகான். கின்ஜோவும் டைகின்ஜோவும் 10 முதல் 15 வரை. குளிர்பெட்டியிலிருந்து எடுத்து உடனே ஊற்றினால் வாசனை மூடிக்கிடக்கும், கால் மணி நேரம் வெளியே நிற்கட்டும். ஜுன்மாய், கிமோதோ, யமஹாய் 40 முதல் 45 வரை. சூட்டில் இனிப்பும் அரிசிச் சுவையும் விரியும். ஹொன்ஜோசோ 50 வரை தாங்கும்.

சூடுபடுத்தும் முறை:

1. டொக்குரியில் கழுத்துக்குக் கீழே வரை மட்டும் ஊற்றுங்கள். சூட்டில் சாக்கே விரிந்து மேலேறும்.
2. பாத்திரத்தில் தண்ணீரைக் கொதிக்கவிட்டு அடுப்பை அணையுங்கள். அடுப்பு எரிந்தால் சாக்கேயின் அடிப்பகுதி மட்டும் சுட்டு, ஆல்கஹால் நெடி மூக்கில் ஏறும்.
3. டொக்குரியின் தோள்வரை தண்ணீரில் இறக்குங்கள். பாதி மட்டும் மூழ்கினால் சூடு சமமாகப் பரவாது.
4. தெர்மாமீட்டரை உள்ளே விட்டு, வேண்டிய அளவுக்கு இரண்டு டிகிரி முன்பே எடுங்கள். பீங்கானின் சூடு மிச்சத்தைப் பார்த்துக்கொள்ளும். 180 மில்லிக்கு மெல்லிய டொக்குரியில் இரண்டு மூன்று நிமிடம் ஆகும்.

மைக்ரோவேவில் வைத்தால் கழுத்துப்பகுதி கொதிக்கும், அடிப்பகுதி வெதுவெதுப்பாகவே இருக்கும். வேறு வழியில்லை என்றால் பாதியில் நிறுத்தி நன்றாகக் குலுக்குங்கள்.

சூடாக்காத மங்கல் சாக்கே சிலவற்றில் நொதிப்பு புட்டிக்குள்ளேயே தொடரும். மூடியைச் சற்றுத் திருகி, வாயு சீறினால் மறுபடி இறுக்கி, பொறுத்துத் திறவுங்கள். குலுக்காதீர்கள்.

## 11. ஊற்றுவது

தன் கிண்ணத்தில் தானே ஊற்றிக்கொள்ளாமல் அடுத்தவருக்கு ஊற்றுவது வழக்கம். பெரியவர்களுக்கு இரு கையால் டொக்குரியைப் பிடித்து ஊற்றுங்கள், வாங்கும்போதும் கிண்ணத்தை இரு கையால் ஏந்துங்கள். சில கடைகளில் மாசு எனும் மரப்பெட்டிக்குள் கண்ணாடிக் குவளையை வைத்து வழியவழிய ஊற்றுவார்கள். குவளையில் இருப்பதைக் கொஞ்சம் குடித்துவிட்டு, அதன் அடியைத் துடைத்து, மாசுவில் வழிந்ததைக் குவளையில் சேர்த்துக்கொள்ளலாம், அல்லது மாசுவிலிருந்தே குடிக்கலாம்.

வாசனைச் சாக்கேக்கு வாய் குவிந்த கண்ணாடி, சூட்டுக்குப் பீங்கான். சிறு கிண்ணம் சீக்கிரம் காலியாகிச் சீக்கிரம் நிறைகிறது, உள்ளே போவதோ பீரைப்போல் மூன்று மடங்கு வலிமை. ஒவ்வொரு கிண்ணத்துக்கும் அதே அளவு தண்ணீரை மேசையில் வைப்பது ஜப்பானியரே கடைப்பிடிக்கும் பழக்கம். அங்கே குடிக்கும் வயது 20. குடித்துவிட்டுச் சைக்கிள் ஓட்டினாலும் தண்டனை உண்டு.

சூடாக்கி ஆறிப்போன சாக்கேயை மறுபடி சூடாக்கிப் பரிமாறாதீர்கள், வாசனை போய்க் காரம் மட்டும் நிற்கும். மீன் வேகவைக்கும்போது இரண்டு கரண்டி விட்டால் கவுச்சி அடங்கும். அதற்கு அது போதும்.